கறுப்பு ஏறாத எழுத்து

எழுத்து வெட்ட வந்த பிளேட்டைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்து, கூடவே மடித்து வைத்திருந்த வாசகத்தைப் படித்ததும் பிளேட்டக்காவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது முறை படித்தபோது காதுமடல் சூடேறியது. மூன்றாவது முறை படிக்க அவசியம் இருக்கவில்லை.

'அலாரம் ஒலித்த கணமே, தன்னுயிரைத் துச்சமென மதித்துக் கிடங்கினுள் விரைந்து, வால்வை மூடி, பெண் தொழிலாளர் அனைவரையும் காத்தருளிய எங்கள் மேலாளரின் மாவீரத்தைப் போற்றி...'

கீழே மேலாளரின் பெயர். பட்டங்களோடு சேர்ந்து ஒரு முழு வரியை அடைத்துக்கொண்டிருந்தது.

"காத்தருளிய!" என்றாள் வாய்விட்டு. "அருளினாராமே, அருளினாரு!"

உள்ளறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. "யாரும்மா வந்துருக்கா?"

"யாரும் இல்லைங்க. நானேதான் பேசிக்கறேன்."

தெருவில் எல்லோருக்கும் அவள் பிளேட்டக்கா. வீட்டின் முன்னறையில் செதுக்கும் இயந்திரத்தைப் போட்டு, டாக்டர் பெயர்ப் பலகை, கதவு எண், மோட்டார் மீது ஒட்டும் தகடு என்று எதைக் கொண்டுவந்தாலும் எஃகில் எழுத்து வெட்டி, பள்ளத்தில் பெயிண்ட் நிரப்பிக் கொடுப்பவள். கணவர் குளிர்பதனக் கிடங்கில் ஆப்பரேட்டர். கோடையின் தொடக்கத்தில் அங்கே அமோனியா கசிந்த அன்று, எல்லோரும் வெளியே ஓட, அவர் மட்டும் உள்ளே ஓடினார். வால்வை மூடினார். பேக்கிங் கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவருடைய வலது கண் மூடிக்கொண்டது. இடது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஜன்னல் எங்கே இருக்கிறது என்று சொல்வார், ஜன்னலில் நிற்பது யார் என்று சொல்லமாட்டார்.

அதற்குக் கம்பெனி கொடுத்த பரிசு, விசாரணை முடியும்வரை தற்காலிக வேலை நீக்கம்.

இப்போது இந்த பிளேட். கொண்டுவந்து கொடுத்தது வேறு யாருமில்லை, கணவரின் சொந்தத் தங்கை. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். அதே கிடங்கின் அலுவலகத்தில் மேலாளருக்கு உதவியாளர். நேற்று மாலை வந்தவள், பொட்டலத்தை மேஜையில் வைத்து, "அவசர வேலை அண்ணி, உள்ள எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டு, வாசலோடு வாசலாகப் போய்விட்டாள். எப்போதும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் வம்பளந்துவிட்டுப் போகிறவள், முகத்தைக்கூடக் காட்டாமல் போனது ஏன் என்று இப்போதல்லவா தெரிகிறது!

பிளேட்டக்கா போனை எடுத்தாள். "உடனே வா" என்று மட்டும் சொன்னாள். 'எதுக்கு' என்று சின்னவளும் கேட்கவில்லை.

*

சின்னவள் ஸ்கூட்டரை நிறுத்தி ஸ்டாண்ட் போடக்கூட விடவில்லை பிளேட்டக்கா.

"இங்கயே நில்லு. உள்ள வேண்டாம். அவர் காதுல விழும்."

"அண்ணி, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"வால்வை மூடுனது யாருன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"உங்க மேலாளர் அன்னிக்கு எங்க இருந்தாரு? நீதானே வந்து சொன்ன, காருக்குள்ள கண்ணாடிய ஏத்திவிட்டு உக்காந்துருந்தாருன்னு?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா."

"எல்லாம் தெரிஞ்சுதான் இதைத் தூக்கிட்டு வந்தியா? செதுக்கறதுக்கு ஊர்ல வேற கடையே இல்லையா? என் கையாலதான் அந்த ஆளுக்கு மாவீரன்னு வெட்டணுமா?"

"உங்ககிட்டதான் குடுக்கணும்னு மேலாளரே சொல்லிட்டாரு, அண்ணி."

பிளேட்டக்கா திகைத்தாள். "அவரா?"

"ஆப்பரேட்டர் வீட்டுலயே செஞ்சு குடுத்தா, அவங்களுக்கும் இதுல சம்மதம்னு ஆயிடுமாம். நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாதாம்." சின்னவள் அதைச் சொல்லும்போதே குரல் உடைந்தது. "சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

பிறகு சின்னவள் மீதியைச் சொன்னாள். நாளை காலை விழா. பிளேட் சுவரில் ஏறிவிட்டால், மறுநாளே விசாரணையை மூடிவிடுவதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இயந்திரக் கோளாறு என்று எழுதிவிடுவார்கள். இல்லையென்றால், பணியில் அலட்சியம். அலட்சியம் என்று எழுதிவிட்டால் கண் ஆபரேஷன் செலவுக்கான கம்பெனியின் சம்மதக் கடிதம் வராது.

"தள்ளிப் போடத் தள்ளிப் போட அந்த இடது கண்ணும் போயிடும்னு டாக்டர் சொன்னாரே, அண்ணி. நீங்களும்தானே கேட்டீங்க? எனக்கு மட்டும் வயிறு எரியலயா? நான் அண்ணனோட கண்ணைப் பாக்கறதா, அந்த ஆளோட பேரைப் பாக்கறதா?"

பிளேட்டக்காவுக்குத் திட்டுவதற்கு வார்த்தை நிறைய இருந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போ" என்றாள். "உங்க அண்ணனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா உன்னையும் என்னையும் சேத்து வெளிய தள்ளிடுவாரு."

*

பித்தளை நல்ல பிள்ளை. இயந்திரத்தின் வெட்டு முனை போகிற பக்கமெல்லாம் வழிவிடும். துருப்பிடிக்காத எஃகு அப்படியில்லை. முனை ஓரிடத்தில் தயங்கி நின்றால் அந்த இடமே இறுகிப்போய், அடுத்த சுற்றில் முனையை உடைத்துவிடும். எண்ணெய் விட்டு, தயங்காமல், மேலோட்டமாக ஒரு சுற்று, அதன் மேலேயே இன்னொரு சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆழம் இறக்க வேண்டும்.

அன்று இரண்டு முனை உடைந்தது. இரண்டும் மேலாளரின் பெயரில்.

"உடைச்சுக்கோ, உடைச்சுக்கோ" என்று எஃகைப் பார்த்துச் சொன்னாள். "உனக்காவது ரோஷம் இருக்கே!"

உள்ளேயிருந்து கணவர் கேட்டார். "என்ன வேலைம்மா? காலையிலிருந்து மெஷின் அலறுது?"

"ஒரு ஸ்கூல் பலகைங்க."

"முடிஞ்சதும் குடு. பிசிறு பாத்துத் தரேன்."

வேலை நீக்கத்துக்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்ட வேலை அது. எழுத்து வெட்டியதும் பள்ளத்தின் ஓரங்களில் மயிரிழை போலப் பிசிறு நிற்கும். அதை நீக்காமல் பெயிண்ட் விட்டால் கரை பிசகிவிடும். கண்ணால் பார்த்து அவள் தவறவிட்ட பிசிறைக்கூட அவர் விரல் நுனி கண்டுபிடித்துவிடும். ஒரு பலகையில் 'மருத்துவர்' என்பதற்குப் பதில் 'மருந்துவர்' என்று விழுந்திருந்ததைத் தடவிப் பார்த்துச் சொன்னவர் அவர்தான்.

"இதுக்கு வேண்டாங்க. நானே பாத்துட்டேன்" என்றாள்.

"சரிம்மா" என்றார் அவர். இந்த ஒரு வேலையும் போயிற்றா என்பதுபோல இருந்தது அந்தக் குரல். அவளுக்கு நெஞ்சு வலித்தது. அந்த வலிக்கும் சேர்த்து மேலாளர் மேல்தான் ஆத்திரம் வந்தது.

மதியத்துக்கு மேல் வெட்டு முடிந்தது. பள்ளத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. தின்னரால் சுத்தமாகக் கழுவ வேண்டும். தின்னர் டப்பாவைக் குலுக்கினால் சத்தமே இல்லை. பிளேட்டைத் துணியால் மூடி, "கடைக்குப் போயிட்டு வரேங்க" என்று குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

கடையில் கூட்டம். தின்னரோடு ஒரு சின்ன டப்பா கறுப்பு எனாமல் பெயிண்டும் வாங்கினாள். வழியெல்லாம் மனதுக்குள் மேலாளரோடு சண்டை போட்டாள். மனதுக்குள் நடக்கும் சண்டையில் அவள் தோற்றதே கிடையாது. வீட்டு வாசலுக்கு வந்தபோது முன்னறைக் கதவு திறந்திருந்தது.

கணவர் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளேட்.

வலது கையின் ஆள்காட்டி விரல் ஒவ்வோர் எழுத்தாக ஊர்ந்துகொண்டிருந்தது. சுழியில் சுற்றி, காலில் இறங்கி, புள்ளியில் ஒரு கணம் நின்று, அடுத்த எழுத்துக்குத் தாவியது. அவள் வாசலிலேயே நின்றாள். விரல் கடைசி வரியைத் தொட்டு, மேலாளரின் பெயரை முடித்து, திரும்ப மேலே போயிற்று.

"ஸ்கூல் பலகை" என்றார்.

"என்னங்க... நான்..."

"பிசிறு பாக்கலாம்னு எடுத்தேன். பிசிறு இல்ல. நல்லாத்தான் வெட்டியிருக்க." அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "யாரு கொண்டு வந்தா? சின்னவளா?"

அவள் மறைக்கவில்லை. விழா, வாக்கு, டாக்டர், கடிதம், சம்மதம் என்ற அந்தச் சொல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவர் விரலை முதல் வரியின் முதல் சொல்லில் வைத்தார்.

"அவர் பேரைப் போட்டுக்கட்டும்மா. எனக்குக் கோபம் வராதுன்னு சொல்லல, வருது. ஆனா அதை முழுங்கிடுவேன். இந்த வார்த்தை எப்படி வந்துச்சு?"

"எதுங்க?"

"அலாரம்."

"ஏன், அலாரம் அடிச்சுதானே நீங்க உள்ள ஓடுனீங்க?"

"யார் சொன்னா?"

அவள் விழித்தாள். யார் சொன்னது? எல்லோரும் சொன்னார்கள். அன்று நடந்ததை அவரிடம் கேட்கவே கூடாது, மனம் பதறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வீட்டில் இத்தனை நாளாகப் பேசப்படாத ஒரே விஷயம் அதுதான்.

"அலாரம் அடிக்கவே இல்ல" என்றார். "மூக்குக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. திரும்பிப் பாக்கறேன், குழாய் மூட்டுலேந்து வெள்ளையா புகை மாதிரி வருது. மேல பாத்தா அலாரம் கம்முனு இருக்கு. பேக்கிங் கூடத்துல அந்தப் பொண்ணுங்க பேசிச் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க, ஒருத்திக்கும் தெரியல. நான் தொண்டை கிழியக் கத்துனேன். நான்தான் அன்னிக்கு அலாரம். அதுக்கப்புறம்தான் வால்வுக்கு ஓடுனேன். அது நேரத்துக்கு அடிச்சிருந்தா, நான் முகமூடியை எடுத்துப் போட்டுக்கிட்டு நிதானமா போயிருப்பேன்."

நிதானமாகப் போயிருந்தால் இந்தக் கண் இருந்திருக்கும். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிளேட்டக்கா வாங்கி வந்த டப்பாக்களை மேஜையில் வைத்தாள். மேலாளர் கணவரின் புகழைத் திருடினான் என்றுதானே காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தாள்! உண்மையான திருட்டு அங்கே இல்லை, 'அலாரம்' என்ற சொல்லில் இருந்தது. அலாரம் அடித்தது என்று எஃகில் வெட்டி, சுவரில் அடித்து, ஊரைக் கூட்டிக் கைதட்ட வைத்துவிட்டால், அடிக்கவில்லை என்று நாளை எவன் சொன்னாலும் எடுபடாது. அதையும் பாதிக்கப்பட்டவன் வீட்டிலேயே, அவன் பெண்டாட்டி கையாலேயே வெட்ட வைத்திருக்கிறான்.

எஃகைத் தேய்க்கும் கிரைண்டரைச் சுவரிலிருந்து இழுத்தாள். "குடுங்க அதை. ஒரு எழுத்து மிச்சம் வைக்க மாட்டேன். வழவழன்னு வழிச்சுட்டு அவன் மூஞ்சியில விட்டெறியறேன்."

"வேண்டாம்." அவர் பிளேட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "அழிக்காத. பொய்யை இவ்வளவு ஆழமா யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. இது நம்மகிட்டயே இருக்கட்டும்."

*

சின்னவள் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அண்ணன் மடியில் பிளேட்டைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வா" என்றார் அவர். "உன்னைத் திட்டப் போறதில்ல. எனக்காகத்தான் பண்ணியிருக்க. அது தெரியும். ஆனா அதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கணும். என் கண்ணு பேரம் பேசற சரக்கில்ல, சின்னவளே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் காலடியில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். அலாரத்தைப் பற்றிக் கேட்டதும் அழுகை சட்டென்று நின்றது.

"அடிக்கலயா? அலுவலகத்துல எல்லார்கிட்டயும் அடிச்சுதுன்னுதான் மேலாளர் சொன்னாரு, அண்ணா. அந்தப் பக்கத்துச் சத்தம் எங்களுக்கு எதுவும் கேக்காதே! இந்த வாசகத்தைக்கூட அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் பண்ணேன். 'அலாரம்'ங்கற வார்த்தை முதல்லயே வரணும்னு ரெண்டு தடவை மாத்தச் சொன்னாரு..."

அப்போது அவள் போன் அடித்தது. திரையைப் பார்த்தவளின் முகம் வெளுத்தது. "அவர்தான்."

பிளேட்டக்கா கையை நீட்டி வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"என்னம்மா, பலகை வந்துட்டிருக்கா? திரையெல்லாம் கட்டியாச்சு" என்றது மேலாளரின் குரல்.

"வரல சார். நான் ஆப்பரேட்டர் வீட்டுல பேசறேன்."

"ஓ, நீங்களா! வணக்கம்மா. வேலை முடிஞ்சுதா?"

"செதுக்கியாச்சு. பெயிண்ட் விட மாட்டேன்."

"ஏன், பெயிண்ட் இல்லையா? நான் வேணா அனுப்பட்டுமா?"

"பெயிண்ட் டப்பா முன்னாடியேதான் இருக்கு சார். கறுப்பு ஏறினாத்தான் நாலு பேரு தூரத்துலேந்து படிக்க முடியும். இந்தப் பொய்யை நாலு பேரு படிக்கறதுக்கு என் கையால வழி பண்ண மாட்டேன். அலாரம் ஒலித்த கணமேன்னு எழுதியிருக்கீங்களே, அது எந்தக் கணம்? நீங்க காருல கண்ணாடிய ஏத்துனீங்களே, அந்தக் கணமா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க. நான் உங்களுக்கு நல்லது பண்ணப் பாக்கறேன். என்னைப் பகைச்சுக்கிட்டா நஷ்டம் உங்க வீட்டுக்காரருக்குத்தான். அலாரத்தைக் கழட்டச் சொன்னதே யாருன்னு முதல்ல அவரைக் கேளுங்க. சும்மா சும்மா கத்துது, தலைவலிக்குதுன்னு வந்து நின்னவரு அவருதான். அதையெல்லாம் நான் விசாரணையில எடுத்து வச்சா உங்க நிலைமை என்ன ஆகும்?"

பிளேட்டக்கா அவன் சொன்னதை மனதில் ஒருமுறை திருப்பி ஓட்டிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"சார், கழட்டி வச்ச அலாரம் எப்படி சார் ஒலிச்சுது?"

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது.

"கேக்குதா சார்? கழட்டியிருந்துச்சுன்னு இப்ப நீங்களே சொன்னீங்க. மூணு பேரு கேட்டோம். மாவீரரே, பதில் சொல்லுங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று அவளிடமிருந்து வெளிப்பட்டது. பிளேட்டக்கா சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அவன் சொன்னது நிஜமா? நீங்களா கழட்டச் சொன்னீங்க?"

"போய்ச் சொன்னது நிஜம்." அவர் தலையை நிமிர்த்தினார். "வாயு இல்லாமலே அடிக்குது, இப்படியே விட்டா ஜனங்க காதுல வாங்கிக்கவே மாட்டாங்க, சரிபண்ணுங்கன்னு சொன்னேன். கழட்டுன்னு நான் ஏன் சொல்றேன்? உள்ள நிக்கறவன் நான்! மறுநாள் எங்க எலக்ட்ரீஷியன் ஏறி ஒயருல ஏதோ பண்ணிட்டு இறங்கினான், சத்தம் நின்னுபோச்சு. சரிபண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். நம்பிட்டேன்மா."

"சரிபண்ணச் சொன்னா ஒயரைப் பிடுங்கிட்டு, பழியைச் சொன்னவர் தலையிலயே கட்டறானா!" பிளேட்டக்கா மேஜையில் அடித்த அடியில் எனாமல் டப்பா உருண்டு கீழே விழுந்தது. "நாளைக்கு அந்த விழாவுக்கு நாம போறோம். நீங்க, நான், இந்த பிளேட்டு. கைதட்ட வர்ற அந்தப் பேக்கிங் பொண்ணுங்க முன்னாடியே கேக்கறேன், உங்கள்ல யார் காதுலயாவது அலாரம் விழுந்துச்சான்னு."

"கேட்டா மட்டும் போதாதும்மா. அவங்களுக்குக் கேக்கலன்னுதான் சொல்ல முடியும். ஒயரைப் பிடுங்கினவன் வந்து, யார் சொல்லிப் பிடுங்கினேன்னு சொல்லணும். அந்த எலக்ட்ரீஷியன் தம்பி வாயு கசிஞ்ச அடுத்த வாரமே வேலைய விட்டுப் போயிட்டான். எங்க போனான், என்ன ஆனான்னு ஒருத்தருக்கும் தெரியாது. இன்னிக்குப் பொழுதுக்குள்ள அவனை எங்க போய்த் தேடறது?"

சின்னவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனால் பார்க்க முடியாது என்று தெரிந்தும் அவர் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"தேட வேண்டாம், அண்ணா. அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

போனை எடுத்தாள். பெயர்களுக்குள் போய்த் தேடவில்லை. பத்து எண்களையும் மனப்பாடமாக, வேகமாக அழுத்தினாள். பிளேட்டக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி ஒருமுறைகூட முழுதாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டார்கள்.

"சொல்லு" என்றது ஓர் ஆண்குரல். "சாப்பிட்டியா?"